குளவி மூலை

எந்த வீட்டில் எது கெட்டாலும் முதல் பழி மோட்டார் மேல்தான் விழும். பயிர் வாடினாலும் மோட்டார், அழுகினாலும் மோட்டார். புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசாமல் கிடந்துவிட்டு, கடைசியில் ஒற்றுமையாகச் சொல்லும் ஒரே வார்த்தை, "அந்த மோட்டார்காரனைக் கூப்பிடு" என்பதுதான். அதனால் பால்வீட்டு அண்ணன் போன் போட்டு, "தம்பி, வயலுக்குத் தண்ணி பத்தலைன்னு நினைக்கிறேன், வந்து பாரேன்" என்றபோது நான் பதறவில்லை. நிதானமாக டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

பால்வீடு என்றதும் பெரிய பண்ணை என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்பது கறவை மாடுகள், அவற்றுக்கு ஒரு தகரக் கொட்டகை, அதை ஒட்டி ஒரு சமையலறை, அதற்கு முன்னால் இரண்டு அறைகள். சமையலறையின் பின்கதவைத் திறந்தால் மாட்டின் மூக்கு உள்ளே நீளும். அண்ணன் வயலைப் பார்ப்பார், அண்ணி மாட்டைப் பார்ப்பாள், அண்ணனின் அக்கா இரண்டு பேரையும் பார்த்துக் குறை சொல்வாள். அவளை நாங்கள் எல்லோரும் பெரியக்கா என்போம். அவள் வாயில் விழுந்து எழுந்தவன் ஊரில் எவனுக்கும் பயப்பட மாட்டான்.

வீட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு வயல். அதில் முழுக்கக் குதிரைமசால். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: அது ஒரு பச்சைத் தீவனம், முழங்காலுக்கு மேலே வளரும், காம்புக்கு மூன்று இலை, விட்டுவைத்தால் ஊதாப் பூ பூக்கும். நெல்லைப் போல அறுத்ததோடு முடிந்துபோகிற சமாச்சாரம் இல்லை. ஒரு தரம் விதைத்தால் அறுக்க அறுக்கத் துளிர்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் நிற்கும். இந்த வீட்டில் தினம் இரண்டு பாத்தி அறுப்பார்கள். மேல்கரையில் தொடங்கி ஒவ்வொரு பாத்தியாகக் கீழ்க்கரை போய்ச் சேர்வதற்குள் மேல்கரை மறுபடி அறுப்புக்கு வந்துவிடும். அப்படித்தான் இத்தனை காலமும் ஓடியது.

இப்போது ஓடவில்லை. முன்பு ஒரு பாத்தி அறுத்தாலே தள்ளுவண்டி நிறையும். இந்த வருஷம் நாலு பாத்தி அறுத்தும் வண்டியின் அடித்தகரம் தெரிந்தது.

நான் போனபோது அண்ணன் வயல் வரப்பில் நின்றிருந்தார். அண்ணி கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். நான் வந்த சத்தம் கேட்டும் திரும்பவில்லை. சாணிக்கூடையை அவள் கீழே வைத்த வேகத்திலேயே வீட்டு நிலவரம் எனக்குப் புரிந்துவிட்டது.

"என்ன அண்ணி, கோபமா?"

"கோபப்பட நான் யாரு? உங்க அண்ணன் நாளைக்கு டிராக்டர் வரச் சொல்லிட்டாரு. மசாலை உழுதுட்டு மக்காச்சோளம் போடப் போறாராம். மாட்டையெல்லாம் வித்துடலாமாம். ஒம்போதையும்."

"வித்துட்டு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். விடிஞ்சா எழுந்து நான் எதைக் கறக்கிறது? சுவத்தையா?"

பின்கதவில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெரியக்கா, "உன் புருஷனைக் கற. ஒரு சொட்டு புத்தி வந்தாலும் வரும்" என்றாள்.

அண்ணன் காதில் அது விழுந்தது. விழாதது மாதிரி என்னை மோட்டார் கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"நீயே சொல்லு தம்பி. தீவனம் இல்லாம மாட்டை வச்சுக்கிட்டு என்ன பண்றது? கடையில வாங்கிப் போட்டா பால் வித்த காசு அப்படியே கடைக்குப் போயிடும். நானும் என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன். உரம் போட்டேன், தண்ணி விட்டேன், காலி விழுந்த இடத்துல மறுவிதை போட்டேன். ஒண்ணும் ஏறலை. என்ன குத்தம்னே புரியலை. புரிஞ்சா சரி பண்ணலாம். புரியாததோட எப்படி மல்லுக்கட்டறது?"

மோட்டார் கொட்டகை மேல்கரை மூலையில் இருந்தது. சுவிட்ச் வீட்டிலேயே இருப்பதால் அங்கே யாருக்கும் வேலை இல்லை. நான் கதவில் கை வைத்ததுதான் தெரியும், காதில் யாரோ தீக்குச்சி கிழித்தது போல் இருந்தது. "ஐயோ!" என்று அலறிக்கொண்டு வரப்பில் ஓடினேன். கதவு நிலையில் உள்ளங்கை அகலத்துக்குக் குளவிக் கூடு.

"அட, சொல்ல மறந்துட்டேன். ரொம்ப நாளா இருக்கு தம்பி. நாங்க அந்த மூலைப் பக்கமே போறதில்லை" என்றார் அண்ணன், ஏதோ நல்ல சேதி சொல்வது போல.

"இதைப் போன்லயே சொல்லக் கூடாதா அண்ணே? என் காது என்ன உங்க வீட்டுக் கதவா?"

கழியில் துணி சுற்றிப் புகை போட்டுக் கூட்டைக் கலைத்தோம். அதற்குள் என் காது பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. அந்தக் கடுப்போடு மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன். பாவம், அதற்கு ஒரு குறையும் இல்லை. குழாயில் கசிவில்லை, இழுப்பு ஜோராக இருந்தது. திரும்பி வரும்போதுதான் கவனித்தேன், பாத்திக்குள் கால் வைத்தால் சேறு செருப்பை உறிஞ்சிக்கொண்டு விடவில்லை.

"அண்ணே, தண்ணி பத்தலையா? வயல் சதசதன்னு கிடக்கே. இதுக்கு மேல தண்ணி விட்டா மீன்தான் வளர்க்கணும்."

அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. "காயக் கூடாதுன்னுதான்... விளைச்சல் குறையக் குறைய நானும் கூடக் கூட விட்டேன்" என்றார்.

விதைக்கடைக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கியது அந்த நேரம். அண்ணன்தான் வரச் சொல்லியிருந்தார். வரச் சொன்னது சண்டை போட.

"செத்த விதையைத் தலையில கட்டிட்டீங்களே!" என்று ஆரம்பித்தார் அண்ணன். வயலில் ஆங்காங்கே காலி விழுந்த திட்டுகளைக் காட்டினார். அங்கே மறுவிதை முளைத்திருந்தது. முளைத்து, இரண்டு இலை விட்டு, அதோடு மஞ்சளாகிச் சுருண்டு நின்றது.

விதைக்கடைக்காரர் குனிந்து ஒன்றைப் பிடுங்கி மோந்து பார்த்தார். எதற்கு மோந்தார் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. "இதே மூட்டையில வேற ஒருத்தரு வாங்கி, சோளம் எடுத்த நிலத்துல விதைச்சாரு. காடாட்டம் நிக்குது. பழைய மசால் நிக்கிற இடத்துல புது மசால் போட்டா பிழைக்காதுங்க. பழசு புதுசைத் தலையெடுக்க விடாதுன்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"சொல்றாங்க."

"எங்க வீட்டை ஒளிஞ்சிருந்து பாத்துட்டுச் சொல்லியிருப்பாங்க" என்றாள் பெரியக்கா.

விதைக்கடைக்காரர் விடவில்லை. மண்ணில் சாம்பல் சத்து போதவில்லை, அடி இலைகளின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி இருக்கிறது பாருங்கள் என்றார். பார்த்தோம். இருந்தது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பெரியக்கா தன் பங்குக்கு, "தள்ளுவண்டியை வரப்போட தள்ளுங்கன்னா கேட்டாத்தானே. பாத்திக்குள்ள விட்டு விட்டு மண்ணைக் கல்லாட்டம் இறுக்கி வச்சிருக்கீங்க. வேர் எங்க போகும், மூச்சு எப்படி விடும்?" என்றாள். அதுவும் சரிதான் என்று பட்டது. தண்ணீர் என்று நான் சொன்னதும் சரி, சத்து என்று அவர் சொன்னதும் சரி, வண்டி என்று அவள் சொன்னதும் சரி. எல்லாமே சரியாக இருந்தால் எதைப் போய்ச் சரி செய்வது? அண்ணன் ஒவ்வொருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அதான் உழுதுடலாம்னு சொல்றேன்" என்றார்.

அண்ணி அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள். பால் கறக்கும் நேரத்துக்குள் மாட்டுக்கு ஏதாவது போட்டாக வேண்டுமே. நாலு பாத்தி அறுத்தும் போதாமல் ஐந்தாவதில் கை வைத்தாள். கணுக்கால் உயரம்கூட வராத தளிர். பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

டிராக்டர் உழ வசதியாகக் குழாயைக் கழற்றி ஓரம் போட வேண்டும் என்று அண்ணன் கேட்டுக்கொண்டதால் மறுநாள் காலையிலும் நான் அங்கே இருந்தேன். ராத்திரி எவரும் சரியாகத் தூங்கவில்லை என்பது முகங்களிலேயே தெரிந்தது. பெரியக்கா எனக்கு டீ கொடுத்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள், நானும் சொல்லவில்லை. அண்ணன் மழிக்காத தாடையைத் தேய்த்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டிராக்டர் வர வேண்டும் என்று பார்த்தாரா, வரக் கூடாது என்று பார்த்தாரா, தெரியவில்லை.

"அந்தக் குளவி மூலையில கொஞ்சம் மசால் இருக்கு. மண்ணுக்குள்ள போறதுக்கு மாட்டு வயித்துக்குள்ள போகட்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணி அரிவாளோடு மேல்கரைக்குப் போனாள். குளவிக்குப் பயந்து அங்கே அவள் அறுத்து ரொம்ப நாளாகியிருந்தது. நான் பக்கத்தில் குழாய் இணைப்பைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

நறுக் நறுக்கென்று சத்தம் வந்தது. அண்ணி இரண்டு பிடி அறுத்து நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். அரிவாளைக் கல்லில் தீட்டிக்கொண்டு வந்தாள். மற்ற பாத்தியில் புல்லைக் கிள்ளுகிற மாதிரி போகிற அரிவாள், இங்கே நின்று நின்று வெட்டியது. தொடை உயரம், அடர்த்தி, உச்சியில் ஊதாப் பூ. நேற்றுக் குளவிக் கலவரத்தில் இது எங்கள் கண்ணில் படவே இல்லை. அந்த மூலை இரண்டு கட்டில் போடும் அகலம்தான் இருக்கும். அதிலேயே தள்ளுவண்டி நிறைந்துவிட்டது.

"ஏங்க! இங்க வந்து பாருங்க!"

அண்ணன் ஓடி வந்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மோட்டார் கசிஞ்சிருக்கு. அந்தத் தண்ணிதான்."

எனக்கு வந்ததே கோபம். "அண்ணே, நேத்து நானே பிரிச்சுப் பாத்தேன், சொட்டுக்கூடக் கசியலை. மண்ணைத் தொட்டுப் பாருங்க, இந்த மூலைதான் காஞ்சு கிடக்கு. மேடு, தண்ணியே ஏறாது."

"அப்ப தண்ணி இல்லாததுதான் நல்லதுங்கறியா?"

"எனக்கென்ன தெரியும்? மோட்டார் கெடலை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

நாங்கள் இப்படிக் கத்திக்கொண்டிருக்க, அண்ணி மண்வெட்டியால் அந்த மூலையில் ஒரு செடியைத் தோண்டி எடுத்தாள். வேர் கட்டைவிரல் பருமனில், முறித்தால் உள்ளே வெள்ளையாக இருந்தது. வேரின் தலையில் கொத்துக் கொத்தாகப் புதுக் குருத்து. பிறகு நேற்று அறுத்த பாத்திக்குப் போய் அங்கே ஒன்றைத் தோண்டினாள். பென்சில் அளவு வேர். நகத்தால் கீறினால் பழுப்பாகத் தோல் உரிந்தது. தலையில் ஒரே ஒரு குருத்து, அதுவும் வெளிறிப்போய். இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சினை மாட்டை என்ன பண்றோம்?" என்று கேட்டாள். யாரைக் கேட்கிறாள் என்று புரியாமல் நாங்கள் நின்றோம். "கன்னு போட ரெண்டு மாசம் இருக்கும்போதே கறவையை நிறுத்தி மடியை வத்த விடுறோம்ல? விடாம கறந்துக்கிட்டே இருந்தா அடுத்த ஈத்துக்குப் பால் இருக்குமா? இருக்காது. மாடே உருக்குலைஞ்சு போயிடும். இது எனக்குத் தெரியாதா? என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேனே."

"அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றார் அண்ணன்.

"இந்தச் செடியை என்னைக்குங்க வத்த விட்டேன்? பூ பாத்து அறுத்த பயிருங்க இது. இளசா போட்டா பால் கூடுதேன்னு ஒரு தடவை கொஞ்சம் முன்னாடி அறுத்தேன். நீங்களும் கேன் நிறையுதுன்னு சந்தோஷப்பட்டீங்க. அடுத்த தடவை கொஞ்சம் குறைஞ்சுது. குறைஞ்சதேன்னு கூட ஒரு பாத்தி அறுத்தேன். கூட அறுத்தா கீழ்க்கரை சீக்கிரம் முடிஞ்சுடுது. சீக்கிரம் முடிஞ்சா மேல்கரைக்குச் சீக்கிரம் வந்துடறேன். அது வளர்ந்திருக்கவே இல்லை, அதையும் அறுத்தேன். அய்யோ! நானே சுத்திச் சுத்தி வந்து அறுத்துத் தின்னுட்டேனே இந்த வயலை."

இந்த வயலைக் காப்பாற்றத்தான் இத்தனை நாள் புருஷனோடு பேசாமல் இருந்தாள்.

அண்ணனுக்குக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. "நீ மட்டுமா? நான் விட்ட தண்ணியில வேர் அழுகியிருக்கும்" என்றார்.

"இல்லை, என் அருவாதான்."

"தண்ணின்னு சொல்றேன்ல?"

"அருவாங்க!"

பழியை இன்னொருவர் மேல் போடச் சண்டை போடுகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். தன் மேல் போட்டுக்கொள்ளச் சண்டை போட்டவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெரியக்காவே குறை சொல்ல மறந்து, கரண்டியோடு வந்து நின்றாள்.

டிராக்டர் வந்துவிட்டது. ஓட்டுகிறவர் இன்ஜினை அணைக்காமல், "எந்தப் பக்கம் இருந்து விடட்டும்?" என்று கத்தினார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் அண்ணி.

"இருக்கலாங்க, டீசல் இருக்காதே!"

அண்ணி எழுந்து அண்ணன் முன்னால் வந்து நின்றாள். "உழ வேண்டாங்க. பூ பாக்கிற வரைக்கும் நான் அருவா வைக்க மாட்டேன். நீங்களும் தண்ணியைக் குறைச்சுக்கங்க."

"எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டா, எதனால கெட்டுதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரிய வேண்டாம். வந்தா போதும்."

"வரலைன்னா?"

பாதி வயலில் வேர் ஏற்கெனவே செத்திருக்கலாம். அந்த மூலை தழைத்தது அறுக்காததாலா, மேடாக இருந்ததாலா, வண்டி ஏறாததாலா என்று யார் சத்தியம் பண்ண முடியும்?

அண்ணன் மெதுவாகத்தான் அடுத்ததைக் கேட்டார். "சரி, பூக்கட்டும்னே வச்சுக்குவோம். அதுவரைக்கும் ஒம்போது வாயும் என்னத்தைத் திங்கும்?"

கொட்டகையில் மாடுகள் கத்த ஆரம்பித்திருந்தன. அண்ணி அந்தப் பக்கம் திரும்பி, விரலால் எண்ணுவது போல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலை வைக்கோலும் தவிடும் போட்டு இழுத்துடுவேன்" என்றாள். "அஞ்சைக் குடுத்துடுங்க."

டிராக்டர் திரும்பிப் போயிற்று. போகும்போது ஓட்டுகிறவர் ஏதோ திட்டிக்கொண்டே போனார், இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

மாட்டு வியாபாரி அடுத்த வாரம் லாரியோடு வந்தார். குழாயைத் திரும்ப மாட்ட நானும் அன்றைக்குத்தான் போயிருந்தேன். வயலை எட்டிப் பார்த்தேன். பச்சை ஏறியிருந்த மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் களையோ என்றும் இருந்தது. அண்ணனிடம் கேட்டேன். "தினம் காலையில வந்திருக்குன்னு தோணுது. சாயங்காலம் இல்லைன்னு தோணுது" என்றார்.

வியாபாரி கொட்டகைக்குள் போய் மடியையும் பல்லையும் பார்த்துவிட்டு, அண்ணி ஒதுக்கிக் கட்டியிருந்த ஐந்தில் நாலை ஒத்துக்கொண்டார். ஐந்தாவதாக இருந்த கிழட்டுக் கறுப்பியைக் கழித்துவிட்டார். "இதுக்குப் பதிலா அந்தச் செவலை வந்தா அஞ்சா எடுத்துக்கறேன். இல்லாட்டி எனக்கு லாரி வாடகைக்குக்கூட ஆகாதுங்க" என்றார்.

செவலை அந்தக் கொட்டகையிலேயே பிறந்தது. பின்னங்கால் முதலில் வந்து, அண்ணியே தோள் வரை கை விட்டுத் திருப்பி இழுத்தது. மற்ற எட்டும் சேர்ந்தாலும் அது ஒன்றுக்கு ஈடாகாது என்று அவளே பெருமை பேசியிருக்கிறாள்.

அண்ணன் உடனே, "அதைத் தர முடியாது" என்றார்.

அண்ணி முளைக்குச்சியிடம் குனிந்து செவலையின் கயிற்றை அவிழ்த்தாள். அவளே லாரி வரைக்கும் பிடித்துக்கொண்டு போனாள். பலகையில் கால் வைக்க அது மிரண்டது. அவள் முன்னால் ஏறி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே உள்ளே கூட்டிப் போய்க் கட்டிவிட்டு இறங்கினாள். பெரியக்கா, "ஒரு வாய் தண்ணியாவது காட்டிட்டு ஏத்தியிருக்கலாம்" என்றாள். அவள் குரலில் குத்தல் இல்லை.

வியாபாரி கதவைச் சாத்தும்போது அண்ணி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது தழைன்னா இளசாத்தான் கேக்கும். முத்தினதைப் போட்டா ரெண்டு நாளைக்கு மூஞ்சியைத் திருப்பிக்கும், ராத்திரியெல்லாம் கத்தும். வாங்கறவங்க கிட்ட சொல்லிடுங்க, மனசு இளகிடக் கூடாது. கத்தினா கத்தட்டும்னு விட்டுடணும்."

"சொல்லிடறேங்க."

"மறக்காம சொல்லுங்க. நான் அப்படி விடலை, இளசா அறுத்து அறுத்துப் போட்டேன். எனக்கு அது கத்தினா தாங்காது."

லாரி கிளம்பியது. திருப்பத்தில் செவலை கத்தியது எங்களுக்குக் கேட்டது. கொட்டகையில் இருந்த நாலும் தலையைத் தூக்கி அதற்குப் பதில் கத்தின. அண்ணி பின்கதவுப் படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "கத்தட்டும்" என்றாள். மறுபடி, "கத்தட்டும்" என்றாள். அவளுக்கு முன்னால் வயல் அறுபடாமல் கிடந்தது.